குதிரைமலையும் மோதும் குதிரைப்படையும்

மறிச்சுக்கட்டியிலிருந்து தெற்கே போனால் மோதரகம் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வில்பத்துக் காடு. அந்தக் காட்டின் கடலோரத்தில், செம்மண் சரிந்து அலைக்குள் இறங்குகிற உயரமான முனை ஒன்று இருக்கிறது. அதைத்தான் குதிரைமலை என்கிறோம். மலை என்று சொல்லும் உயரம் அதற்கில்லை. ஆனாலும் தட்டையான இந்தக் கரையில், கடலில் வருகிறவன் கண்ணுக்கு அது மலைதான். மேலே செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கிடக்கும் ஒரு சிதைவைக் காட்டி, முன்னொரு காலத்தில் அங்கே நின்ற பெரிய குதிரைச் சிலையின் கால் அது என்பார்கள். அல்லிராணி கதையும் அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வாப்பா சொல்லுவார்: "அங்கதான் மகன், அரபு நாட்டுக் குதிரையெல்லாம் வந்து இறங்கின. நம்மட ஆக்கள் அதுல ஏறிப் போய்த்தான் ராசாமாருக்குச் சண்டை வெண்டு குடுத்தாங்க."

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு இந்தக் கதையைக் கேட்டவர்கள் நாங்கள். ஊரை இழந்த பிள்ளைகளுக்கு ஊரைப்பற்றிய கதை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போதாது. பிறகு திரும்பி வந்தோம். 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்துக் காணிகள் ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. "நீங்கள் எப்பத் தொட்டு இங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வந்தது. உறுதியும் பழைய பள்ளிவாசலும் கிணறும் தென்னையும் காட்டவேண்டிய அந்த இடத்தில், நம்மில் பலர் குதிரைமலையைக் காட்டினார்கள். ஒரு கூட்டத்தில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அந்தக் கதை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதில் எது நிற்கும், எது நிற்காது?

வாப்பாவின் கதையில் இரண்டு செய்திகள் உண்டு. குதிரை இந்தக் கடலோரத்துக்கு வந்தது என்பது ஒன்று. அதில் ஏறிப் பாய்ந்து சண்டை வென்றார்கள் என்பது மற்றது. முதலாவதற்குச் சான்று குவிந்து கிடக்கிறது. இரண்டாவதைத் தொட்டால் உலகப் போர்க்கலை வரலாற்றுக்குள்ளேயே போகவேண்டி வருகிறது.

குதிரையில் ஏறிச் சண்டைக்குப் போவது வேறு, குதிரையையே ஆயுதமாக்கி மோதுவது வேறு. முதல் வகை வீரன் அம்பெய்வான், ஈட்டி எறிவான், தப்பியோடுவான், வேவு பார்ப்பான். இரண்டாம் வகையில், நூற்றுக்கணக்கான குதிரைகள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வேகத்தில் எதிரியின் அணிக்குள் நுழைந்து அதைப் பிளக்கவேண்டும். இது சும்மா வந்துவிடவில்லை. கி.மு. 9ஆம் நூற்றாண்டு அசூரியக் கற்சிற்பங்களைப் பாருங்கள். குதிரைவீரர் இருவர் இருவராகப் போகிறார்கள். ஒருவன் வில்லை வளைக்க, பக்கத்துக் குதிரைக்காரன் இரண்டு குதிரைகளின் கடிவாளத்தையும் பிடித்திருக்கிறான். தேரில் பாகனும் வில்லாளியும் நின்ற பழக்கத்தைத் தேரை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே குதிரை முதுகுக்கு ஏற்றியிருக்கிறார்கள். தனியொருவன் கடிவாளத்தையும் ஆயுதத்தையும் தானே ஆள்வதற்கு இன்னும் சில தலைமுறைகள் சென்றன.

மோதுவதைப் படைத்தந்திரமாகவே ஆக்கியவர்கள் மக்கதோனியர். அலெக்சாந்தரின் தந்தை பிலிப் தன் குதிரைப்படையை ஆப்பு வடிவில் நிறுத்தினான். முனையில் தலைவன், பின்னால் விரிந்துகொண்டே போகும் வரிசைகள், கையில் நீண்ட ஈட்டி. பறக்கும் கொக்குக் கூட்டம்போல, முன்னால் போகிறவன் திரும்பினால் எல்லோரும் திரும்பலாம். கி.மு. 331இல் கௌகமேலாவில் பாரசீக அணியில் ஓர் இடைவெளி திறந்த கணத்தில், அலெக்சாந்தர் இந்த ஆப்பை அதற்குள் இறக்கினான். பாரசீக மன்னன் மூன்றாம் தாரா களத்தை விட்டோடினான். பின்னாளில் பார்த்தியர் மனிதனுக்கும் குதிரைக்கும் இரும்புக் கவசம் போட்டார்கள். கி.மு. 53இல் கர்ராயில் ரோமர் அவர்களிடம் பட்ட அடி பெயர்பெற்றது. அங்கே கவசக் குதிரைகள் 1,000 என்றால், கவசமில்லாத இலகு குதிரைவீரர் அதைவிட அதிகம் என்கிறார் புளூட்டார்க். அம்பால் கலைத்த பிறகுதான் மோதல்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. குதிரை மடத்தனமான மிருகமல்ல. நெருக்கமாக நின்று ஈட்டி நீட்டும் மனிதச் சுவரில் அது தானாகப் போய் முட்டாது. ஆகவே மோதும் குதிரைப்படையின் உண்மையான வித்தை, எதிரியின் அணியில் ஓட்டை விழும் நேரத்தையும் இடத்தையும் பார்ப்பதுதான். இதை நமக்குத் தெரிந்த களம் ஒன்றிலேயே காணலாம். ஹிஜ்ரி 3இல், அதாவது கி.பி. 625இல், உஹதில் குறைஷிக் குதிரைப்படையின் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கியவர், அன்று இஸ்லாத்துக்கு வராத காலித் பின் வலீத். மலைக்கணவாயில் நபி (ஸல்) அவர்கள் 50 வில்லாளிகளை நிறுத்தியிருந்த வரை அந்தக் குதிரைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வில்லாளிகளில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கிய பின்பே காலித் பின்புறமாகச் சுற்றி வந்தார். குதிரை பழைய குதிரைதான். திறந்துகொண்டது வழி. சூரத்துல் ஆதியாத் மூச்சிரைக்க ஓடும் குதிரைகள், குளம்பில் தெறிக்கும் தீப்பொறி, அதிகாலைத் தாக்குதல், எழும் புழுதி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கூட்டத்தின் நடுவே ஊடுருவுவதில் அந்த வரிசையை நிறுத்துகிறது. குதிரைப்படையின் மோதலை அறிந்த மக்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அங்கவடி, அதாவது ஏறும்போது கால் வைக்கும் அந்த வளையம், இல்லாமல் மோத முடியாது என்று ஒரு கருத்து நீண்டகாலம் செல்வாக்கோடு இருந்தது. 1962இல் லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், அங்கவடி வந்ததால்தான் ஐரோப்பாவில் ஈட்டியை அக்குளில் இடுக்கி மோதும் வீரனும், அவனைத் தாங்கும் நிலமானிய முறையும் பிறந்தன என்று எழுதினார். அடுத்த ஆண்டே மறுப்பு வந்துவிட்டது. அலெக்சாந்தருக்கு அங்கவடி இல்லை, பார்த்தியருக்கும் இல்லை. ஆனாலும் மோதினார்கள். ஆளை இறுகப் பிடித்துக்கொள்ளும் சேணமும், சிறு வயதிலிருந்து பழகிய தொடையும் இருந்தால் மோதலாம். அங்கவடி அதை எளிதாக்கியது, வாள் வீசுகிறவனுக்குக் காலுக்கு ஊன்றுகோல் கொடுத்தது. சீனத்தில் 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பொம்மைகளில் அது தெளிவாகத் தெரிகிறது. அரபுகளிடையே முன்பு மரத்தாலான அங்கவடி இருந்தது, அது எளிதில் முறிந்ததால் தளபதி முஹல்லப் இரும்பில் செய்யச் சொன்னார் என்று ஜாஹிழ் எழுதிவைத்திருக்கிறார். அது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. காலித் (ரழி) யர்மூக்கில் குதிரைப்படையை நடத்திய கி.பி. 636க்கு இது பிந்தியது.

இனி நமது கரைக்கு வருவோம்.

மகாவம்சம் சொல்லும் சேனன், குத்திகன் என்ற இருவரையும் நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். கப்பலில் குதிரை கொண்டுவரும் வணிகன் ஒருவனின் மக்கள் அவர்கள், தமிழர். சூரத்திஸ்ஸனை வென்று அநுராதபுரத்தில் 22 ஆண்டுகள் நீதியோடு ஆண்டார்கள் என்று பிக்குவான நூலாசிரியரே எழுதுகிறார். காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு. எந்தத் துறையில் அவர்களுடைய தந்தை குதிரை இறக்கினான் என்று நூல் சொல்லவில்லை. அநுராதபுரத்தின் பெருந்துறை மாதோட்டம், அதாவது மாந்தை. அதுவும் நம் மன்னார்க் கரைதான். இஸ்லாத்துக்கு எட்டு நூற்றாண்டுக்கு மேல் முந்திய செய்தி இது. குதிரை வணிகம் நம் முன்னோர் தொடங்கியதல்ல, ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் அவர்கள் பிறகு வந்து இறங்கினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

உரோமர் குறிப்பும் ஒன்றுண்டு. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோக்கமஸ் என்பவனின் ஆள், அரேபியாவைச் சுற்றிப் போகையில் காற்றில் அடிபட்டு 15ஆம் நாள் இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்தான் என்கிறார் பிளினி. கிரேக்கத்தில் அந்தப் பெயரில் குதிரை இருப்பதால், எமர்சன் டெனென்ட் போன்றோர் அதைக் குதிரைமலையோடு பொருத்தினார்கள். பொருந்தலாம். ஆனால் பெயர் ஒற்றுமையை வைத்துத் துறைமுகம் கட்ட நான் துணியமாட்டேன். புறநானூற்றில் பிட்டங்கொற்றன் என்ற தலைவனுக்கும் ஒரு குதிரைமலை உண்டு. ஏறிச் செலுத்த முடியாத குதிரைக்கு உரியவனே என்று புலவர் அவனைச் சிலேடையாக விளிக்கிறார். அதையும் நம் கரைக்கு இழுத்து வருவோர் இருக்கிறார்கள். அவன் சேரனுக்குக் கீழ்ப்பட்டவன், அவனுடைய மலை மலைநாட்டுப் பக்கத்து மலை. அதை விட்டுவிடுவோம்.

குதிரை இவ்வளவு முந்தியே வந்ததென்றால், மோதும் குதிரைப்படை ஏன் இங்கே எழவில்லை? மகாவம்சத்திலேயே விடையின் ஒரு பாதி இருக்கிறது. துட்டகைமுனுவின் வீரரில் வேலுசுமனன் குதிரைக்காரன். எல்லாளனின் குதிரைப் பாகனோடு நட்புப் பிடித்து, நம்பிக்கை பெற்று, அரச குதிரையிலேயே ஏறிப் பறந்துவிடுகிறான். துரத்தி வந்தவனுக்காகப் புதர் மறைவில் வாளை நீட்டிக் காத்து நிற்கிறான். வந்தவனின் வேகமே அவன் தலையை வாங்கிவிடுகிறது. குதிரையின் வேகம் எப்படி ஆயுதமாகும் என்பதை அறிந்த ஒருவர் சொன்ன கதை இது. ஆனால் விஜிதநகரத்தின் கதவை உடைக்கவேண்டிய கட்டம் வரும்போது அங்கே குதிரை இல்லை, கண்டுல என்ற யானைதான் முட்டுகிறது. கடைசியில் அரசர் இருவரும் நேருக்கு நேர் வந்ததும் யானை மேல்தான். மோதிப் பிளக்கும் வேலையை நம் நாட்டில் யானை ஏற்கனவே செய்துகொண்டிருந்தது.

யானை இருக்கும் இடத்தில் குதிரை நிற்காது என்பதும் உண்மை. கி.மு. 326இல் ஜீலம் நதிக்கரையில் போரஸின் 200 யானைகளைக் கண்டு, தன் குதிரைகள் மிரண்டு ஓடத்திலிருந்தே குதித்துவிடும் என்று அஞ்சித்தான், அலெக்சாந்தர் இரவோடு இரவாக ஆற்றின் மேல்பகுதிக்குப் போய்க் கடந்தான். களத்திலும் யானை நின்ற நடுப்பகுதியை விட்டு ஓரங்களைத் தாக்கினான். நம்மட காடும் குளக்கட்டும் வயற்சேறும் ஆயிரம் குதிரை ஒரே வரிசையில் ஓடுவதற்கு இடம் கொடுக்கிற நிலமுமல்ல.

மறுபாதி, வளர்ப்பிலும் பழக்கத்திலும் இருக்கிறது. இங்கே பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பருத்தியே வேலியான சிற்றூர் ஒன்றின் தலைவனுக்குக் குதிரை இருக்கிறது. உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடை நடக்கும் குதிரை. அதுதான் கடல் நீரைப் பிளந்து போகும் தோணிபோலப் பகைப்படைக்குள் புகுந்து போகிறது. நெய்ச்சோறு தின்று, பிடரி மயிர் அழகாகக் கத்தரிக்கப்பட்ட பேரரசனின் குதிரைகளோ ஒதுங்கி நின்றுவிடுகின்றன. குதிரை மறம் என்று தமிழில் ஒரு துறையே உண்டு. தனிக்குதிரையின் வீரத்தை அது பாடும். ஒரு படையாகச் சேர்ந்து மோதும் ஒழுங்கை அந்தப் பாட்டுகளில் நான் காணவில்லை.

இதைப் படித்துவிட்டு, ஆயிரம் ஆண்டு தாண்டி, பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபைப் படித்தால் வியப்பாக இருக்கும். 13ஆம் நூற்றாண்டின் முடிவில் பாண்டியருக்குக் குதிரை கொடுத்தவர்கள் பாரசீக வளைகுடாவின் முஸ்லிம் வணிகர். கைஸ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுக்கு 1,400 குதிரை தன் பொறுப்பில் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கதீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ் என்று மற்றத் துறைகளையும் சேர்த்தால் 10,000 என்கிறார் வஸ்ஸாஃப். ஒரு குதிரை 220 பொன் தீனார். கடலில் செத்தாலும் விலை உண்டு. காயல் உள்ளிட்ட துறைகளைப் பார்த்துக்கொண்ட அமைச்சர் ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான். இந்தத் தொகைகளில் ஓரளவு மிகை இருக்கலாம். ஆனால் மார்க்கோ போலோவும் தனியே இதையேதான் சொல்கிறார்: அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு 2,000க்கு மேல் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை.

ஏன் மிஞ்சவில்லை? வந்த குதிரையை 40 நாள் கொட்டிலில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைக்கிறார்கள், வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுக்கிறார்கள், பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல், அங்கவடியும் மற்றக் கருவிகளும் இல்லாமல் பேய்போல ஏறி ஓட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் வலுவான குதிரையும் சோம்பிப் பயனற்றுப் போகிறது. இது வஸ்ஸாஃபின் குற்றச்சாட்டு. பொன்முடியார் கண்ட நெய்ச்சோற்றுக் குதிரையேதான்! குதிரை வைத்தியம் தெரிந்த ஆட்களை வணிகர் வேண்டுமென்றே இந்தப் பக்கம் வரவிடவில்லை, குதிரை சாகச் சாகத்தானே அடுத்த ஆண்டு வியாபாரம் என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். நம் வணிக முன்னோரைப் பெருமையாகப் பேசும்போது இந்த வரியை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. அது வெளியூரான் ஒருவன் கேட்ட பேச்சாகவும் இருக்கலாம். ஆனால் மறைக்கக்கூடாது.

அந்தக் குதிரைக்கு விலை எங்கிருந்து போனது? கோயில் வருமானத்திலிருந்தும் வரிகளிலிருந்தும் என்கிறார் வஸ்ஸாஃப். கூடவே முத்தும் போனது. மன்னார் வளைகுடாவின் பார்களில் எடுத்த முத்துகள் ஹுர்முஸுக்கும் அப்பாலுக்கும் போக, அங்கிருந்து குதிரை வந்தது. 1344இல் புத்தளக் கரையில் இறங்கிய இப்னு பதூதாவை, அங்கே ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழியிலேயே விசாரித்து, முன்னால் குவிந்திருந்த முத்துகளைக் காட்டினான். பாரசீகம் அறிந்த அரசன் ஒருவன் இந்தக் கரையில் இருந்தான் என்பதொன்றே, யார் யாரோடு எவ்வளவு காலம் வியாபாரம் செய்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. எங்கள் ஊரின் பெயர் இந்தக் கணக்கில் தெளிவாக வருவது முத்தால்தான். 1900களின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பின் பெரிய முகாம் மறிச்சுக்கட்டியில் இருந்தது. கீழக்கரை, காயல்பட்டினத்துச் சம்மாட்டிமாரோடு வளைகுடா அரபுகளும் வந்து மூழ்கினார்கள்.

மதுரையில் மோதும் குதிரைப்படையைக் கண்ணால் கண்டது 1311இல். வந்தவன் டில்லியின் மலிக் காஃபூர். பழக்கப்பட்ட வீரரோடு வந்த குதிரைப்படை அது. பாண்டியர் பக்கத்தில் எதிர்த்து நின்றவர்களில் முஸ்லிம் படைவீரரும் இருந்தனர் என்று அமீர் குஸ்ரூ எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஒரே மார்க்கத்தவர் இரு பக்கமும் நின்ற களம் அது. காஃபூர் கொண்டுபோனவற்றில் யானை 512, குதிரை 5,000 என்று குஸ்ரூ கணக்கிடுகிறார். வளைகுடாவிலிருந்து கடல் தாண்டி வந்து, காயலில் இறங்கி, கொட்டிலில் கொழுத்த குதிரைகள், கடைசியில் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களின் கைக்குப் போயின.

வாப்பாவின் இரண்டாவது செய்தி முழுப் பொய்யுமல்ல. தமிழ்நாட்டில் ராவுத்தர் என்ற பெயர் இருக்கிறது. அதற்குக் குதிரைவீரன் என்றே பொருள். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று அழைக்கும் அளவுக்குத் தமிழில் அது மதிப்பான சொல்லாகிவிட்டது. குதிரை கொண்டுவந்தவர்களில் சிலர் அதில் ஏறவும் செய்தார்கள், அரசருக்குப் படையிலும் நின்றார்கள் என்பதை அந்தப் பெயர் காட்டுகிறது. ஆனால் இலங்கைக் கரையில் நமக்கு நிலைத்த பெயர் மரைக்கார். மரக்கலத்தோடு சேர்த்து விளக்கப்படும் பெயர் அது. இங்கே நம்மட ஆக்கள் குதிரை முதுகைவிடத் தோணியின் அணியத்தில்தான் அதிகம் இருந்தார்கள்.

இதை வாப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப குதிரைக்கு யாரு தண்ணி காட்டின? கப்பல்ல வந்து அரை உயிரா இறங்கின சீவனுக்கு ஊத்துக் கிணறு வெட்டி வச்சவன் யாரு? அதை எழுதினியா?" என்று கேட்டார். எழுதவில்லை. அதை எழுதிவைத்த நூல் எதுவும் என் கையில் இல்லை. குதிரைமலைக்கும் மாந்தைக்கும் இடைப்பட்ட கரையில், கடலுக்கு இவ்வளவு கிட்ட நல்ல தண்ணீர் எடுக்கிற பழைய கிணறுகள் எத்தனை என்று, ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு இப்போது எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.